அகழியைத் தூர்த்து வந்த ஊர், கண்மாய்க்குள் போன கதை

திருப்பாலை, ஐயர் பங்களா, வண்டியூர், விளாங்குடி, ஒத்தக்கடை... இந்தப் பக்கம் எங்கேயாவது மனை பார்த்துக்கிட்டு இருக்கீங்களா? அப்போ இந்த இழை உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

"பிள்ளைகளுக்கு ஸ்கூல் பக்கம், நல்ல காற்று, நெரிசல் இல்ல." புறநகருக்குக் குடிபோகிற எல்லாக் குடும்பமும் சொல்ற காரணம் இதுதான். மதுரையில் இந்தக் காரணத்துக்கு வயசு ஏறத்தாழ 180 வருஷம்.

1800களின் தொடக்கத்தில் மதுரை ஒரு கோட்டைக்குள் அடைபட்ட ஊர். 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் எழுப்பியது. 72 கொத்தளங்கள், சுற்றிலும் அகழி. பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கொத்தளத்தின் மிச்சம் இன்னும் நிற்குது, பார்த்திருப்பீங்க.

1809 முதல் 1811 வரை மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர், திருநெல்வேலிப் பகுதிகளை ஒரு கொள்ளைக் காய்ச்சல் உலுக்கி எடுத்தது. மதராஸ் அரசு மருத்துவர் குழு ஒன்றை விசாரிக்க அனுப்பியது. அதில் ஒருவர் வைட்லா ஐன்ஸ்லி. நம்ம நாட்டு மருந்துகளைப் பற்றி 'மெட்டீரியா இண்டிகா' எழுதினாரே, அவரேதான். குழுவின் அறிக்கை 1816இல் லண்டனில் அச்சானது. அந்தக் காய்ச்சலில் பெரும்பகுதி மலேரியாவாகத்தான் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

ஆனா அன்றைக்குக் கொசுவை யாரும் சந்தேகப்படல. தேங்கின தண்ணியில இருந்து கிளம்புற கெட்ட காற்றுதான் காய்ச்சல் தருதுன்னு மருத்துவ உலகமே நம்புச்சு. 'மலேரியா' என்ற இத்தாலியச் சொல்லுக்குப் பொருளே கெட்ட காற்றுதான். கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் பார்த்தது 1897இல்.

அதனால் 1830களில் கலெக்டராக வந்த ஜான் பிளாக்பர்ன் கண்ணுக்கு மதுரையின் அகழி நோய் ஊற்றாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. உள்ளே நெரிசல், வெளியே நாற்றம். கோட்டைச் சுவரை இடித்து அந்த மண்ணாலேயே அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார். இடித்துத் தூர்க்கிறவர்களுக்கே மனை. சர்க்காருக்குச் செலவு மிச்சம், ஜனங்களுக்கு வீடு. அளந்து கொடுத்த சர்வேயர் மாரட், வேலையாட்களை நடத்திய பெருமாள் மேஸ்திரி, இரண்டு பேருமே இன்றைக்குத் தெருப் பெயராக இருக்காங்க. வெளிவீதிகள் பிறந்ததும் அப்போதுதான். பெயரைப் பாருங்க: வெளி வீதி. அன்றைய அவுட்டர் அதுதான்! ஊரார் நன்றியாக நட்ட விளக்குத்தூணும் இன்னும் நிற்குது.

காரணம் தப்பு, பலன் ஓரளவு சரி. தேங்கிய சாக்கடைத் தண்ணி போச்சு, வீடுகளுக்கு இடைவெளி கிடைச்சுது. மருத்துவ வரலாற்றில் இப்படி நிறைய உண்டு.

அடுத்தடுத்த நகர்வுகளை வேகமாகச் சொல்லிடறேன். 1875இல் ரயில் வந்தது. 1889இல் வைகை மேல் ஆல்பர்ட் விக்டர் பாலம் திறந்ததும் வடகரை பக்கமாச்சு; பிறகு பெரியாஸ்பத்திரி, 1954இல் மருத்துவக் கல்லூரி எல்லாம் அந்தப் பக்கமே. தெற்கே திருப்பரங்குன்றம் அருகே ஹார்விபட்டி, மதுரா மில் தொழிலாளர் குடும்பங்களுக்காக உருவான குடியிருப்பு. பிறகு திருநகர், அண்ணா நகர், கே.கே. நகர். 2011இல் மாநகராட்சி எல்லை சுமார் 52 சதுர கி.மீ.யிலிருந்து 148 ஆக விரிந்தது. 72 வார்டு 100 ஆச்சு.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன்.

ஊர் விரிந்த பகுதிகளின் பெயரைச் சத்தமா சொல்லிப் பாருங்க. ஆத்திகுளம், நாகனாகுளம், கோசாகுளம். உயர் நீதிமன்றக் கிளை இருக்கிற உலகனேரி. 2023இல் திறந்த நத்தம் சாலைப் பறக்கும் பாலம் தல்லாகுளத்தில் ஏறி செட்டிகுளத்தில் இறங்குது. 7.3 கி.மீ., குளத்தில் இருந்து குளத்துக்கு!

கோட்டை அகழி தனியா நின்ன தண்ணி. கண்மாய் அப்படி இல்ல. ஒன்று நிரம்பினால் கலுங்கு வழியா மறுகால் பாய்ந்து அடுத்ததுக்குப் போகும், கடைசியில் வைகைக்கு. சங்கிலி மாதிரி. நடுவில் ஒரு கண்ணியை மனையாக்கினாலும் தண்ணி நிக்காது, வேற வழி தேடும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணி புகுந்ததை மறந்திருக்க மாட்டீங்க. வடக்கே இருக்கிற கண்மாய்களின் உபரி நீர் செல்லூர் கண்மாய்க்கு வந்து, பந்தல்குடி வாய்க்கால் வழியாத்தான் வைகை சேரணும். மேலே வீடு கட்டினவங்க ஒருத்தர், நனைஞ்சவங்க வேறொருத்தர். எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான்.

இன்னொன்று, என் தொழில் சம்பந்தப்பட்டது. அகழியைத் தூர்த்தோம், கண்மாயைத் தூர்த்தோம், கொசு போச்சா? டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் கண்மாயே வேண்டாம். வீட்டில் பிடிச்சு வைக்கிற நல்ல தண்ணி போதும். கண்மாய் போனா நிலத்தடி நீர் இறங்குது. குழாய் இணைப்பு வர்றதுக்குள்ள குடிவந்துடறோம். லாரித் தண்ணி வாங்கி டிரம், சம்ப், மேல்தொட்டின்னு நிரப்புறோம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தொட்டிச் சுவரில் ஒட்டின முட்டை காய்ஞ்சு போனாலும் மாசக்கணக்கில் உயிரோட இருக்கும், தண்ணி பட்டதும் பொரிக்கும். தண்ணியை மாத்தினா மட்டும் பத்தாது. உட்சுவரைத் தேய்ச்சுக் கழுவணும், மூடி இறுக்கமா இருக்கணும்.

புறநகர் போகாதீங்கன்னு சொல்லல. பிள்ளைகள் ஓடியாட இடம் வேணும்தானே. மனை பார்க்கும்போது பட்டாவோட நிறுத்தாம, கிராம வரைபடத்தில் கண்மாயும் வரத்துக் கால்வாயும் எங்கே ஓடுதுன்னு பாருங்க. சித்திரையில போகாதீங்க, எல்லா மனையும் மேடாத்தான் தெரியும். ஐப்பசியில, நாலு நாள் மழை பெஞ்ச பிறகு போங்க. ஆடு மேய்க்கிற பெரியவர் யாராவது இருப்பார். "ஐயா, இங்க கலுங்கு எந்தப் பக்கம்?"னு கேளுங்க. அவர் கை உங்க மனைப் பக்கம் நீண்டா, அட்வான்ஸ் கொடுக்காம திரும்பி வந்துடுங்க.