குழந்தைக் கொடுமையும் குடும்பச் சமூகப்பணியும்

பெற்றோராலோ வளர்ப்பவராலோ கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளான குழந்தையைக் காப்பதோடு, அதன் குடும்பத்தையும் கைதூக்கிவிட முயலும் சமூகப்பணிப் பிரிவு இது. கொடுமையை உடல், மனம், பாலியல் என மூன்றாகப் பிரித்து, புறக்கணிப்பைத் தனி வகையாக வைப்பது வழக்கம். முன்னவை செய்யக்கூடாததைச் செய்வதால் வருபவை. பின்னது செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதால் வருவது. உணவு, மருத்துவம், கல்வி, கண்காணிப்பு என்று புறக்கணிப்புக்குள்ளும் உட்பிரிவுகள் உண்டு. கூலிக்குப் போகும் தாய், கைக்குழந்தையை ஏழு வயது அக்காவிடம் விட்டுச் செல்கிறாள். இது புறக்கணிப்பா, வறுமையா? எந்த வகைப்பாடும் இதற்கு விடை சொல்லிவிடுவதில்லை. வீட்டுக்குள் போய்ப் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும்.

இத்துறையின் வரலாற்றை மேரி எலன் வில்சன் என்ற சிறுமியிடமிருந்து தொடங்குவது மரபு. 1873 டிசம்பரில், நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளுக்குச் சென்றுவந்த எட்டா வீலர் என்ற சமயத் தொண்டர், அண்டை வீட்டு நோயாளிக்கு உதவி கேட்பதுபோல் ஒரு கதவைத் தட்டினார். உள்ளே, கடுங்குளிரில் வெறுங்காலுடன் ஒரு சிறுமி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தன் எடைக்கு ஈடான வாணலியோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். பார்வைக்கு ஐந்து வயது, உண்மையில் ஒன்பது. மேசைமேல் முறுக்கிய தோல் சாட்டை கிடந்தது. காவல்துறையும் தொண்டு நிறுவனங்களும் கைவிரித்தன. விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க்கை வீலர் நாடினார். வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் கெர்ரி மனுப்போட, 1874 ஏப்ரலில் சிறுமி நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டாள். அவள் முகத்தில் கத்தரிக்கோல் பட்ட காயம் இருந்தது. வளர்த்தவளுக்கு ஓராண்டுச் சிறை.

‘குழந்தையும் ஒரு விலங்குதான்’ என்று வாதாடி விலங்குச் சட்டத்தின்கீழ் அவளை மீட்டதாக ஒரு கதை இன்றும் உலவுகிறது. அது தவறு. பெர்க் சங்கத்தின் பெயரில் வரவில்லை, தனிமனிதராகத்தான் தலையிட்டார். சட்டம் ஏற்கெனவே இருந்தது, அதைக் கையிலெடுக்கத்தான் ஆளில்லை. அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க்கில் குழந்தைக் கொடுமைத் தடுப்புச் சங்கம் உருவானது. வீலரின் உறவினர் வீட்டில் வளர்ந்த மேரி எலன் 92 வயதுவரை வாழ்ந்தார்.

நியூயார்க்கில் அச்சங்கத்தைப் பார்த்துவந்த தாமஸ் அக்னியூ 1883இல் லிவர்பூலில் ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு லண்டனிலும் ஒன்று உருவானது. அதன் முன்னோடி பெஞ்சமின் வா. 1889இல் பிரிட்டன் தனிச்சட்டம் இயற்றியது. வீடு வீடாக வந்த அச்சங்க ஆய்வாளரை மக்கள் ‘க்ரூயல்டி மேன்’ என்றார்கள். கொடுமையைத் தடுக்க வந்தவருக்கே கொடுமையின் பெயர்! மக்களுக்கு அவர்மேல் இருந்த பயத்துக்குக் காரணம் இருந்தது. இவற்றுக்கு முன்மாதிரியான நியூயார்க் சங்கம் ஏறத்தாழ ஒரு காவல் படையாகவே நடந்தது: பிடி, தண்டி, பிள்ளையை இல்லத்தில் சேர். பாஸ்டனில் 1907இல் மாசசூசெட்ஸ் சங்கப் பொறுப்பேற்ற கார்ல் கார்ஸ்டென்ஸ், பிள்ளையைப் பிரிப்பதைவிட வீட்டைச் சீராக்குவதே வேலை என்று திசை திருப்பினார். வறுமை ஒன்றையே காரணமாக்கிக் குழந்தையை வீட்டிலிருந்து பிரிக்கலாகாது என்று 1909இல் வெள்ளை மாளிகை மாநாடும் கூறியது. இன்றைய குடும்பச் சமூகப்பணி பாஸ்டனின் பிள்ளை, நியூயார்க்கின் பிள்ளையல்ல.

பின்னர் இத்துறை சில பத்தாண்டுகள் ஓசையின்றிக் கிடந்தது. 1962இல் டென்வர் மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் உடனிருந்தோரும், அடிபட்ட குழந்தைகளின் எலும்பு முறிவுகளைப் பற்றி எழுதிய கட்டுரை அதை உலுக்கி எழுப்பியது. ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்க மாநிலங்கள் அனைத்திலும் புகாரளிப்புச் சட்டம் வந்துவிட்டது. குடும்பத்தோடு என்ன செய்வது என்பதற்கு வேறிடத்திலிருந்து வழி பிறந்தது. மிச்சிகனில் செல்மா ஃப்ரைபெர்க் குழுவினர் மருத்துவமனை அறையை விட்டு வீட்டு அடுக்களையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் 1975இல் எழுதிய கட்டுரையில் வரும் ஓர் இளம் தாய்க்குத் தன் குழந்தை அழுவது காதில் விழுந்ததாகவே தெரியாது. தன் சிறுவயது வேதனையை ஒருவரிடம் கொட்டி அழுத பிறகுதான் அவள் குழந்தையை அள்ளிக்கொண்டாள். நியூசிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பக் கூட்டத்தை நடைமுறையாக்கியது. இது அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் உறவுமுறை வழக்கத்திலிருந்து வந்தது. விவரங்களைச் சொல்லிவிட்டு அதிகாரிகள் வெளியேறுவார்கள். மாமன், அத்தை, பாட்டி கூடிப் பேசி முடிவெடுப்பார்கள்.

இந்தியாவில் சிறாருக்கான முதல் மாகாணச் சட்டம் 1920ஆம் ஆண்டுச் சென்னைச் சிறார் சட்டம். மும்பையில் 1996இல் தொடங்கிய குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணை இன்று அரசே நடத்துகிறது. 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி, மீட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். சமூக விசாரணை அறிக்கை 15 நாளிலும், இறுதி உத்தரவு நான்கு மாதத்திலும் வர வேண்டும். அறிக்கை எழுதப் போகிறவர் அடுப்படி, ரேஷன் அட்டை, தந்தையின் குடிப்பழக்கம், பள்ளி வருகைப் பதிவு எல்லாவற்றையும் பார்க்கிறார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தில், அத்தகைய குற்றம் தெரிந்தும் புகார் அளிக்காமல் இருப்பதே குற்றம். அதனால் ஒரு தாய் தயங்கித் தயங்கி வாய் திறக்கும்போதே, ‘அம்மா, நீங்க சொல்றத நான் போலீசுக்குச் சொல்லியாகணும்’ என்று பணியாளர் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.