ரோட்டா விசென்டினா

போர்ச்சுகலின் தென்மேற்கு மூலையில், அலென்டெஜு பகுதியையும் அல்கார்வ் பகுதியையும் தழுவி ஊர்விட்டு ஊர் செல்லும் நடைவழிகளின் தொகுதி ரோட்டா விசென்டினா. கடலோரமாகப் போகும் ‘மீனவர் தடம்’, உள்நாட்டில் போகும் ‘வரலாற்று வழி’ என்ற இரண்டு நெடும்பாதைகளும், புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பல சுற்றுப்பாதைகளும் சேர்ந்து ஏறத்தாழ 750 கிலோமீட்டர். இத்தொகுதி 2012இல் திறக்கப்பட்டது. கடலோரப் பாதை பின்னர் இரு முனைகளிலும் நீட்டப்பட்டது.

பெயர் சாவ் விசென்ட் முனையிலிருந்து வந்தது. மறைசாட்சியாக இறந்த புனித வின்சென்ட்டின் எலும்புகள் இம்முனையில் இருந்ததாகவும், அண்டங்காக்கைகள் அவற்றைக் காவல் காத்ததாகவும் மரபு. 1173இல் அவை லிஸ்பனுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. லிஸ்பன் நகரச் சின்னத்தில் கப்பலின் இரு முனைகளிலும் காக்கைகள் அமர்ந்திருப்பது இதனால்தான்.

இக்கரை இன்னும் கட்டடக் காடாகாமல் இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. அல்கார்வின் தென்கரை, 1965இல் ஃபாரோ விமான நிலையம் வந்தபின் விடுதிகளால் நிரம்பியது. மேற்குக் கரையிலோ காற்று ஓயாது, கடல் குளிர்ந்தது, அலை முரட்டுத்தனமானது. 1988இல் பாதுகாக்கப்பட்ட நிலமாகவும், 1995இல் இயற்கைப் பூங்காவாகவும் இது அறிவிக்கப்பட்டது. கோடையின் இரண்டு மாதங்கள் கூட்டம், மற்ற மாதங்களில் பூட்டிய கதவு என்பதே கரையோர ஊர்களின் நிலை. ஒடெமிரா வட்டாரத்தில் சிறு விடுதிகள் நடத்துவோரின் ‘காசாஷ் பிராங்காஷ்’ (வெள்ளை வீடுகள்) என்னும் சங்கம் நடைவழித் திட்டத்தை முன்னெடுத்தது. வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் ஆள் வரவேண்டும் என்பதே கணக்கு. கணக்குப் பலித்தது.

மீனவர் தடம் சாவ் தொர்ப்பெஷ் கடற்கரையில் தொடங்கி லாகோஷ் வரை 226 கிலோமீட்டர் ஓடுகிறது, 13 கட்டங்கள். இதை யாரும் புதிதாக வெட்டவில்லை. பாறை விளிம்புகளில் நின்று நீண்ட தூண்டிலால் ‘சர்கு’ மீன் பிடிப்பவர்களும், அலை பின்வாங்கும் நேரத்தில் கயிறு கட்டி இறங்கி ‘பெர்செபெஷ்’ எனும் கொட்டலசு பறிப்பவர்களும் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதைகளே இவை. திட்டக்காரர்கள் செய்தது, அவற்றை ஒன்றோடொன்று கோத்துக் குறியிட்டதுதான். அதனாலேயே பாதை சில இடங்களில் செங்குத்துப் பாறையின் ஓரத்தை விட்டு விலகாமல் போகிறது. தலைசுற்றல் உள்ளவர்கள் யோசித்துத்தான் காலெடுத்து வைக்கவேண்டும்.

இங்கே உயரம் ஒரு பொருட்டல்ல. கடலிலிருந்து நூறு மீட்டர் மேலே போனால் பெரிது. நடப்பவரை வாட்டுவது மணல். போர்த்து கோவுவிலிருந்து விலா நோவா தெ மில்ஃபோண்டிஷ் வரையிலான 20 கிலோமீட்டரில் பெரும்பகுதி மணல்மேடுகள். வைத்த அடியில் பாதி பின்னுக்குச் சரியும். நான்கு மணி நேரத்தில் முடியும் என்று புறப்பட்டவர் ஏழு மணி நேரம் கழித்து வந்து சேர்வது வழக்கம். இடையில் குடிநீர் கிடைக்காது, நிழலும் இல்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். மில்ஃபோண்டிஷில் மீரா ஆறு குறுக்கிடுகிறது. பாலம் வழியாகச் சுற்றலாம். படகு ஓடும் பருவமானால் அதில் அக்கரை போய்ச் சில கிலோமீட்டரை மிச்சம் பிடிக்கலாம்.

அல்மோகிராவுக்கும் ஜாம்புஜெய்ராவுக்கும் இடையிலுள்ள சார்தாவ் முனையில் செங்கால் நாரைகள் கடற்பாறை உச்சிகளில் கூடு கட்டுகின்றன. வேறெங்கும் புகைபோக்கி, மின்கம்பம், தேவாலயக் கோபுரம் என்று மனிதரை அண்டி வாழும் பறவை, இங்கே அலை அடிக்கும் பாறைத் தூணில் குஞ்சு பொரிப்பது விந்தை. அதே முனையின் கலங்கரை விளக்கத்தில் கோபுரம் நிலப்பக்கமும் வீடு கடற்பக்கமும் நிற்கின்றன. கட்டியவர் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துவிட்டார் என்பது ஊர்க்கதை.

வரலாற்று வழி, சாண்டியாகு து காசெம் கோட்டையூரிலிருந்து சாவ் விசென்ட் முனை வரை 263 கிலோமீட்டர். செர்கால், சாவ் லூயிஷ், ஒடெமிரா, சாவ் தியோடோனியு எனச் சந்தையூர்களைத் தொட்டுச் செல்லும் மண்பாதை. வெளிநாட்டவர் பெரும்பாலும் கடலோரத்தையே நடந்துவிட்டுத் திரும்புகிறார்கள்; இழப்பு அவர்களுக்குத்தான். தக்கை ஓக் மரங்களை இங்கே அருகில் நின்று பார்க்கலாம். பட்டை ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் உரிக்கப்படும். உரித்த ஆண்டின் கடைசி எண்ணை அடிமரத்தில் வெள்ளை வண்ணத்தில் எழுதிவைப்பார்கள். 7 என்றிருந்தால் 2017இல் உரித்த மரம், அடுத்த முறை 2026. மலைச்சரிவுகளில் மெத்ரோன்யு பழத்தைப் புளிக்கவைத்துச் சாராயம் காய்ச்சுகிறார்கள். தைலமரத் தோப்புகளும் ஏராளம். 2023 ஆகஸ்டில் ஒடெமிரா பகுதியில் பரவிய காட்டுத்தீ ஆயிரக்கணக்கான ஹெக்டேரை எரித்தது.

படங்களில் அதிகம் காணக்கிடைக்காத காட்சி ஒன்றும் உண்டு. இயற்கைப் பூங்காவின் எல்லைக்குள்ளேயே பரந்து கிடக்கும் பிளாஸ்டிக் கூடாரங்களில் ஏற்றுமதிக்காக ராஸ்பெர்ரி விளைகிறது. பறிப்பவர்களில் நேபாளிகள், இந்தியர்கள் அதிகம். 2021 வசந்தத்தில் கொரோனா பரவியபோது ஒடெமிராவின் இரண்டு ஊராட்சிகளுக்குத் தடுப்பு வளையம் போடப்பட்டது. ஒரே வீட்டில் பலர் நெருக்கியடித்துத் தங்கியிருந்த நிலை அப்போதுதான் நாடு முழுக்கத் தெரியவந்தது.

குறிகள் எளிமையானவை. கடலோரத்துக்குப் பச்சையும் நீலமும், வரலாற்று வழிக்கு வெள்ளையும் சிவப்பும், சுற்றுப்பாதைகளுக்கு மஞ்சளும் சிவப்பும். இரண்டு கோடுகள் இணையாக இருந்தால் நேரே போகலாம்; பெருக்கல் குறியாக இருந்தால் வழி தவறு. பூங்காவுக்குள் கூடாரம் அடிக்கத் தடை உள்ளதால் ஒவ்வோர் இரவும் ஓர் ஊரை எட்டியாகவேண்டும். மூட்டையை அடுத்த விடுதிக்கு வண்டியில் அனுப்பும் வசதி உண்டு. பெரும்பாலோர் வடக்கிலிருந்து தெற்கே நடக்கிறார்கள். ‘நொர்த்தாதா’ எனும் வடகாற்று அப்போது முதுகில்படும்.

செய்ஷ் ஆற்றைக் கடந்தால் அல்கார்வ். சர்க்கரைவள்ளிக்கிழங்குக்குப் பெயர்போன அல்ஜெசூர் ஊரில் மூர்கள் காலக் கோட்டை நிற்கிறது. 1755 நிலநடுக்கத்தில் ஊர் இடிந்தபின் ஆயர் எதிர்மேட்டில் புதிய தேவாலயம் கட்டினார். அதனால் ஊர் இரண்டாகக் கிடக்கிறது. அருகே அரிஃபானாவில், 12ஆம் நூற்றாண்டில் இப்ன் காசி நிறுவிய இஸ்லாமிய மடத்தின் இடிபாடுகள் பாறை முனையில் உள்ளன.

சாவ் விசென்ட் முனையில் வரலாற்று வழி முடிகிறது. மீனவர் தடம் மட்டும் கிழக்கே திரும்பி, கரும்பாறையை விட்டுச் சுண்ணாம்புப் பாறை வழியே சலேமா, லூஷ் ஊர்களைத் தாண்டி லாகோஷில் நிற்கிறது. 1444இல் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த 235 பேரை இந்நகரில்தான் இறக்கிப் பங்குபோட்டார்கள். அடிமைச் சந்தை எனப்படும் கட்டடம் இப்போது சிறிய அருங்காட்சியகம். நடை முடித்தவர்கள் ஊர் திரும்ப லாகோஷில் ரயில் கிடைக்கும்.