லிவரிலிருந்து பட்டனுக்கு

1940 செப்டம்பரில், அமெரிக்காவின் பட்லர் ஊரிலிருந்த பேன்டம் கார் கம்பெனி ஜீப்பின் முதல் மாதிரி வண்டியை ஹோலபேர்ட் ராணுவ முகாமில் ஒப்படைத்தது. அந்த வழியில் வில்லிஸும் ஃபோர்டும் உலகப்போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. ஜீப்பின் கியர் பாக்ஸை ஒட்டி, முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்தனுப்பும் ஸ்பைசர் நிறுவனத்தின் டிரான்ஸ்ஃபர் கேஸ் இருந்தது. அதற்கு இரண்டு லிவர்கள்: ஒன்று முன் அச்சைச் சேர்க்கவும் விலக்கவும், இன்னொன்று ஹை, லோ விகிதங்களை மாற்றவும். முன் அச்சைச் சேர்க்காமல் லோ விழாதபடி உள்ளேயே தடுப்பு இருந்தது. லோவில் பெருகிய விசை முழுவதும் பின் அச்சில் ஏறி அதை உடைத்துவிடக் கூடாதே. சிக்கிக்கொண்ட டிரான்ஸ்ஃபர் கேஸைக் கையால் விடுவிக்கும் வழி இந்த அமைப்பிலேயே இருந்தது. பின்னாளில் பட்டனுக்காக அதை ஓட்டுநரிடமிருந்து பறித்தது தேவையற்ற இழப்பு என்பதே என் வாதம்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் சிக்குவதற்குப் பழுதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. வண்டி வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓடுகின்றன. ஆனால் ஃபோர் வீல் போட்ட ஜீப்பில் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. ஷாஃப்டுகள் முறுக்கேறி, அந்த அழுத்தம் பற்களின் மேல் விழ, லிவர் அசைய மறுக்கிறது. தெரிந்த ஓட்டுநர் லிவரோடு மல்லுக்கு நிற்கமாட்டார். ஸ்டியரிங்கை நேராக்கி வண்டியைக் கொஞ்சம் ரிவர்ஸில் எடுப்பார். அதற்கும் இளகாவிட்டால் ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்குவார். முறுக்கு விட்டதும் லிவர் தானே நழுவும். 1940களின் பிற்பகுதியில் பம்பாயில் மகிந்திரா வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியபோது இந்த இரட்டை லிவர் இந்தியாவிலும் பரவியது.

1973இல் ஜீப் கொண்டுவந்த குவாட்ரா-டிராக், நடுவில் வேக வித்தியாசத்தை ஏற்கும் ஒரு டிஃபரென்ஷியலை வைத்து முறுக்கையே தவிர்த்தது. ஆனால் 1980களில் பரவிய பட்டன் முறை வேறு: பெட்டிக்குள் பழைய பிணைப்பு அப்படியே இருக்க, அதை நகர்த்தும் வேலை மட்டும் ஒரு மின் மோட்டாருக்குப் போனது. சேறும் தண்ணீரும் புகுந்து மோட்டாரோ வயரோ கெட்டால் டாஷ்போர்டில் விளக்கு மினுங்கும். அதற்கு மேல் ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது. அப்போது வண்டிக்கடியில் படுத்து, மோட்டாரைக் கழற்றி, ஷிஃப்ட் ஷாஃப்டை ஸ்பானரால் திருப்ப வேண்டியிருக்கிறது. இதில் ஆபத்தும் உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலுக்கு வந்துவிட்டால், முதன்மை கியர் எதில் இருந்தாலும் வண்டி உருளக்கூடும். அதனால் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அண்டை கொடுத்த பிறகே அடியில் போக வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து செய்த வேலை வண்டிக்கடியில் போய்விட்டது.

லிவரும்தானே சிக்குகிறது, இணைப்புக் கம்பிகளும் துருப்பிடிக்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். ஓடும் வேகத்தில் லோவுக்குத் தள்ளிப் பல்லை உடைப்பவர்களிடமிருந்து எலெக்ட்ரானிக்ஸ் பெட்டியைக் காக்கிறது என்பதும், கைவலு குறைந்தவர்களுக்குப் பட்டன் உதவுகிறது என்பதும் மறுக்க முடியாதவை. ஆனால் தவறைத் தடுப்பதற்காக ஓட்டுநரின் கையைக் கட்டத் தேவையில்லை. போர்க்கால ஜீப் ஒரு இரும்புத் தடுப்பைக் கொண்டே தன் அச்சைக் காத்துக்கொண்டது. பட்டனுக்கு மாறியிருந்த சுசுகி ஜிம்னி 2018இல் லிவருக்கே திரும்பியது. 2020இன் புதிய ‘தார்’ வண்டியிலும் மகிந்திரா லிவரையே வைத்தது. பழமை மோகத்தை விற்கிறார்கள் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மெக்கானிக் வராத இடத்துக்குப் போகவே இந்த வண்டிகள் செய்யப்படுகின்றன. பட்டன் இருக்கட்டும், மோட்டார் செத்தாலும் எளிதாகத் திருப்பக்கூடிய ஒரு முனையும், அதைத் திருப்பும் முறையும் வண்டியோடு தரப்பட வேண்டும்.