பிளேக்கும் தெள்ளுப்பூச்சியும்

தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளில் அகன்ற வீதிகளும் தோட்டங்களும் சூழ நம் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அவ்வீதிகளை வகுத்தது பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட். 1898-இல் அந்த டிரஸ்ட் தோன்றுவதற்குக் காரணமாயிருந்தது பிளேக் என்னும் கொள்ளை நோய். ஆதலின் அந்நோயின் மூலத்தை அறிஞர் கண்டறிந்த வரலாறு நமக்கு அயலார் கதையன்று.

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்டவி வட்டாரத்தில் நோயாளிகளைச் சோதித்த டாக்டர் அகாசியோ வியேகஸ், கடுங்காய்ச்சலும் நெறிக்கட்டியும் கண்டு மடிவோர் பிளேக்கிற்கே இரையாகின்றனர் என்று துணிந்து கூறினார். நகரை விட்டு மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். 1891-இல் 8,21,764 ஆக இருந்த நகரின் மக்கள் தொகை, 1901-இல் 7,76,006 ஆகக் குறைந்தது.

வியப்பு யாதெனில், அந்நோயின் கிருமி அதற்கு ஈராண்டு முன்னரே அறியப்பட்டிருந்தது. 1894 ஜூனில் ஹாங்காங்கில் பிளேக் பரவியபோது ஜப்பானிய அறிஞர் கிட்டசாடோவும், பாஸ்டர் நிலையத்தைச் சார்ந்த அலெக்ஸாந்தர் யெர்ஸனும் அங்குச் சென்றனர். முன்னவருக்கு மருத்துவமனையின் வசதிகள் யாவும் கிட்டின. பின்னவருக்கோ ஓர் ஓலைக் குடிலே ஆராய்ச்சிச்சாலை. பிணங்களை அடக்கம் செய்யும் மாலுமிகளுக்குக் கைக்கூலி கொடுத்துத்தான் நெறிக்கட்டியைக் கீறிப் பார்க்கும் வாய்ப்பையே அவர் பெற்றார். அதனுள் குட்டையான குச்சி போன்ற கிருமிகள் மலிந்திருக்கக் கண்டார். கிராம் முறையில் சாயமேற்றினால் அவை நிறத்தைத் தக்கவைத்துக்கொள்வதில்லை என்பதையும் குறித்தார். கிட்டசாடோவின் குறிப்புகள் இவ்விடத்தில் தெளிவற்றிருந்தன. தெருவில் செத்துக் கிடந்த எலிகளிலும் அதே கிருமியை யெர்ஸன் கண்டார். பிற்காலத்தில் அக்கிருமிக்கு அவர் பெயரே நிலைத்தது.

ஆனால் கிருமி எலியிலிருந்து மனிதனை எவ்வாறு அடைகிறது? இதனை அறியாமையால் விளைந்த துன்பம் கொஞ்சமன்று. நோய் மண்ணிலும் அழுக்கிலும் கெட்ட காற்றிலும் உறைவதாக அதிகாரிகள் எண்ணினர். வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தனர். கார்பாலிக் திராவகத்தைக் கொட்டினர். வெயில் புகும்படி கூரைகளைப் பிரித்தனர். 1897-இல் கொள்ளை நோய்ச் சட்டம் வந்தது. வீடு புகுந்து சோதனையிட்டு நோயாளிகளைப் பிரித்துக் கொண்டுசென்றனர். மக்களின் கொதிப்பு புனாவில் அதிகாரி ராண்டின் கொலையில் போய் முடிந்தது. இத்தனைக்கும் எலியை ஒருவரும் பொருட்படுத்தவில்லை!

பொருட்படுத்தியவர் பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர். 1897-இல் யெர்ஸனுக்குப் பதிலாக இந்தியா வந்த அவர் ஒரு செய்தியைக் கூர்ந்து நோக்கினார். ஒரு கம்பளி ஆலையில் காலையில் எலிகள் பல செத்துக் கிடந்தன. அவற்றை அப்புறப்படுத்த 20 கூலியாட்கள் ஏவப்பட்டனர். மூன்று நாட்களுக்குள் அவர்களுள் 10 பேருக்குப் பிளேக் கண்டது. ஆலையின் மற்றத் தொழிலாளருக்கு ஒன்றுமில்லை. நோயாளிகள் சிலரின் உடலில் பூச்சிக்கடி போன்ற சிறு கொப்புளத்தையும், அதனுள் கிருமியையும் சிமோன் கண்டார். எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியே தூதன் என்ற ஐயம் பிறந்தது.

1898 ஜூன் 2-ஆம் நாள் கராச்சியில், பிளேக் கண்ட எலியொன்றைப் பெரிய கண்ணாடி ஜாடியிலிட்டுத் தெள்ளுப்பூச்சிகளையும் விட்டார். நோயுற்ற எலியைத் தீண்ட இயலாதவாறு, நல்ல எலியொன்றைக் கம்பிவலைக் கூண்டில் உள்ளே தொங்கவிட்டார். முதல் எலி மாண்டது. சில நாட்களில் கூண்டு எலியும் பிளேக்கினால் மாண்டது. தெள்ளுப்பூச்சி இல்லாமல் செய்த சோதனையிலோ நோய் தொற்றவில்லை. எளிய சோதனைதான், ஆனால் அறிஞர் உலகம் நம்பவில்லை. இந்தியப் பிளேக் கமிஷனும் அதனை ஒதுக்கித் தள்ளியது.

சிமோன் கூறியதை மெய்ப்பித்த பெருமை பெரும்பாலும் பம்பாயையே சாரும். எலிகள் மடிந்த சால் ஒன்றில் குடியிருந்தோர் மேல் டாக்டர் கிளென் லிஸ்டன் பிடித்த 30 தெள்ளுப்பூச்சிகளில் 14 எலிக்கு உரியவை. எலி மாண்டதும் பசித்த பூச்சி மனிதனை நாடுகிறது என்பது விளங்கிற்று. 1905-இல் தொடங்கிய புதிய ஆராய்ச்சிக் குழு, பரேலில் சிறு குடில்கள் கட்டிக் கினிப்பன்றிகளை அவற்றில் அடைத்தது. நோயுற்றவையும் நலமுள்ளவையும் நெருங்கி வாழ்ந்தபோதும், தெள்ளுப்பூச்சி இல்லாத குடிலில் நோய் பரவவில்லை. அவ்வாராய்ச்சி நிலையத்துக்கே, பிளேக் தடுப்பூசியை 1897 ஜனவரியில் தம் உடலிலேயே முதலில் குத்திக்கொண்ட ஹாஃப்கினின் பெயர் 1925-இல் சூட்டப்பட்டது.

எஞ்சிய புதிரை 1914-இல் லண்டனில் பேகாட்டும் மார்ட்டினும் அவிழ்த்தனர். கிருமிகள் பெருகித் தெள்ளுப்பூச்சியின் இரைப்பை வாயிலை அடைத்துவிடுகின்றன. உறிஞ்சிய இரத்தம் உள்ளே இறங்காமையால் பசி அடங்காத பூச்சி மீண்டும் மீண்டும் கடிக்கிறது; ஒவ்வொரு கடியிலும், உள்ளே செல்லாத இரத்தம் கிருமியோடு கலந்து காயத்துக்கே திரும்புகிறது.