மழையில் கறுத்த சோளம்

சோளம் என்றதும் நம் நாட்டில் பலருக்கு மக்காச்சோளமே நினைவுக்கு வரும். நாம் இன்று பேசவிருப்பது அதுவன்று. கதிரில் மிளகளவு மணிகள் திரண்டு நிற்கும் வெள்ளைச் சோளத்தைப் பற்றி. வடகிழக்கு ஆப்பிரிக்காவில் தோன்றிய இத்தானியம், இந்தியாவின் தக்காணப் பீடபூமியில் நெடுங்காலம் ஏழை எளியவர்களின் ரொட்டியாகவும் கூழாகவும் இருந்து வந்தது.

தக்காணத்து உழவர் பயிரிட்ட பழைய இரகங்களுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. பகற்பொழுது குறையத் தொடங்கிய பின்னரே அவை பூக்கும். ஆகவே, மழை ஓய்ந்து வானம் தெளிந்த பிறகே மணி முற்றும். விளைச்சல் குறைவுதான், ஆனால் தானியம் முத்துப்போல் வெளுத்திருக்கும்.

1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்டீபன்ஸ், ஹாலந்து என்னும் இருவர், ஆண்மலட்டுத் தன்மையுள்ள சோளச் செடிகளைக் கொண்டு ஒட்டு விதையைப் பெருமளவில் உண்டாக்கும் வழியை வெளியிட்டனர். அதன் பயனாக, 1964-இல் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுச் சோளமான சி.எஸ்.எச். 1 வெளிவந்தது. ஏறத்தாழ நூறு நாள்களில் அறுவடை. விளைச்சலோ பழைய இரகங்களைவிட மிக அதிகம். பஞ்சத்தின் அச்சம் சூழ்ந்திருந்த அந்நாளில் அது பெரும் வரமாகவே தோன்றியது.

ஆனால், வரத்தோடு ஒரு வினையும் வந்தது. புதிய பயிர் பகற்பொழுதின் அளவைப் பாராமல் விரைந்து பூத்தது. எனவே மழை விடாது பெய்யும் நாள்களிலேயே மணி முற்றியது. ஈரக் கதிரில் பியூசேரியம், கர்வுலேரியா முதலிய பூஞ்சைக்காளான்கள் குடியேறின. சில, பூக்கும் போதே உட்புகுந்தன. சில, முற்றிய மணியின் மேல் படர்ந்தன. மணி கறுத்தது, சில வேளை இளஞ்சிவப்பாயிற்று. மாவு கெட்டது, விதை முளைக்கவில்லை, சந்தையில் விலை சரிந்தது. களஞ்சியம் நிறைந்தும் உழவன் கை நிறையவில்லை.

இது விலையைப் பற்றிய பிரச்சினை மட்டுமன்று. 1995-இல் தக்காணத்துச் சில சிற்றூர்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த சோளத்தையும் மக்காச்சோளத்தையும் உண்ட மக்கள் வயிற்றுவலிக்கும் வயிற்றுப்போக்கிற்கும் ஆளாயினர். பியூசேரியம் உண்டாக்கும் பியூமோனிசின் என்ற நஞ்சே அதற்குக் காரணம் என ஆய்வாளர் கண்டனர்.

ஐதராபாத் அருகே பட்டாஞ்சேருவில் 1972-இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் ஆய்வு நிலையம் இதற்குத் தீர்வு தேடியது. பல நாடுகளிலிருந்து திரட்டிய ஆயிரக்கணக்கான சோள வகைகளை வயலில் விதைத்து, மழையில்லாத நாள்களில் தெளிப்பான்களால் நீர் தூவிக் கதிர்களை ஈரமாகவே வைத்தனர். எது தாங்குகிறது, எது தளர்கிறது என்று மதிப்பெண் இட்டனர்.

தாங்கியவற்றில் பெரும்பாலானவை செம்மணியும் பழுப்பு மணியுமே! அவற்றின் தோலில் உள்ள டானின் முதலிய பொருள்கள் காளானைத் தடுக்கின்றன. ஆனால் டானின் மிகுந்தால் சுவை துவர்க்கும். உணவிலுள்ள புரதமும் எளிதில் செரிக்காது. ரொட்டிக்கு வெண்மணியே வேண்டும் என்பது மக்களின் விருப்பம். காளானுக்குப் பிடிக்காதது மனிதனுக்கும் பிடிக்கவில்லை!

ஆகவே அறிஞர்கள் வேறு அரண்களை நாடினர். கெட்டியான மணி, காற்றுப் புகும்படி விரிந்த கதிர், மணியை நன்கு மூடும் உமி ஆகியவை அவை. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி வகைச் சோளத்தில் கெட்டி மணியும் தளர்ந்த கதிரும் இயல்பாகவே அமைந்திருப்பதை இங்கு நாம் நினைவுகூரலாம். எனினும் இத்தன்மைகள் பல மரபணுக்களில் சிதறிக் கிடப்பதால், எல்லாவற்றையும் விளைச்சலோடு ஒரே செடியில் சேர்ப்பது எளிதன்று. தாங்குதிறன் கூடிய இரகங்கள் கிடைத்துள்ளன. முழுமையாகத் தப்பிக்கும் வெண்சோளம் அரிதாகவே இருக்கிறது.

இதனால் இந்தியாவில் மழைக்காலச் சோளத்தில் பெரும்பகுதி கோழித் தீவனத்திற்கும் ஆலைகளுக்கும் செல்கிறது. மழைக்குப் பின் விதைத்து, வறண்ட பருவத்தில் அறுக்கும் மால்தண்டி போன்ற சோளமே ரொட்டிக்குரியதாய் மதிக்கப்படுகிறது.

நேயர்களே! பழைய இரகம் தாமதமாகப் பூத்தது சோம்பலால் அன்று. அது மழையின் கணக்கை அறிந்திருந்தது. விளைச்சலைப் பெருக்கிய விஞ்ஞானம் அந்தக் கணக்கையும் கற்க வேண்டியதாயிற்று. புதியதை ஏற்கும்போது, பழையது எதைக் காத்து நின்றது என்றும் கேட்டறிவது நமக்கு நன்மை தரும்.