பல்லிக்கே வந்த கெட்ட சகுனம்

ஹாஸ்டல் சுவரில் பல்லி கத்தினால், "நாளைக்குப் பேப்பர் அவ்வளவுதான்டா!" என்று புத்தகத்தை மூடிவைத்தவர்கள் நாம். அந்தப் பல்லிக்கே சகுனம் சரியில்லாமல் போன வரலாறு இது.

ஜாவாவுக்குத் தெற்கே கிறிஸ்துமஸ் தீவு. பரப்பு 135 சதுர கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தம். 1887-ல் 'எஜீரியா' கப்பலில் அங்கு போன இயற்கை ஆய்வாளர் லிஸ்டர். அவர் பெயரைத் தாங்கியதுதான் 'லிஸ்டர் பல்லி'. உலகில் வேறெங்கும் கிடையாது.

பாஸ்பேட் சுரங்கம் வந்தது, காடு குறைந்தது, பல்லி சமாளித்தது. 1980-களில் தென்கிழக்கு ஆசியாவின் ஓநாய்ப் பாம்பு அங்கே குடியேறியது. சரக்கோடு சரக்காக வந்திருக்கும் என்கிறார்கள். பாம்பையே அறியாத பல்லிக்கு ஓடத் தெரியுமா? 2012-க்குப் பிறகு காட்டில் அதைப் பார்த்தவர் இல்லை.

நல்லவேளை, 2009-ல் சில பல்லிகளைப் பிடித்து வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். அவற்றின் வாரிசுகள் தீவிலும் சிட்னி டரோங்கா மிருகக்காட்சிச் சாலையிலும் நூற்றுக்கணக்கில் பெருகின. அதே தீவின் காட்டு அரணைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கிடைத்தவை மூன்றே மூன்று, மூன்றும் பெண். கடைசியான 'கம்ப்' 2014 மே 31-ல் செத்தது. இனமே முடிந்தது.

தம்பி, தங்கைகளே! விரிசல் மயிரிழையாக இருக்கும்போதே பூசிவிட வேண்டும் என்று சைட்டில் மேஸ்திரி சொல்வார். பல்லி பிழைத்ததும் அரணை அழிந்ததும் அந்தக் கணக்குத்தான். கூரை விழுந்தபின் சிமெண்ட் மூட்டையோடு ஓடி என்ன பயன்?