ஆள் சேர்த்தவரும் கடன் சுமந்தவரும்



திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே கடலோரத்தில் சல்லி என்றொரு கிராமம் இருக்கிறது. அங்குள்ள முத்துமாரியம்மன் கோயிலை வழிபடச் சென்றவர்கள் அவ்வூரை நன்கு அறிவர். நம் நாட்டுப் பேச்சு வழக்கிலே சல்லி என்றால் காசு என்றும் பொருள். இன்று நாம் காணப்போகும் வரலாற்றுக்கு அவ்வூரின் பெயர் நல்லதொரு தொடக்கமாக அமைகிறது. ஏனெனில், இது வேலைக்கு ஆள் சேர்த்தவர்களின் கதையாயினும், அதன் உள்ளே ஓடுவது காசின் கதையே ஆகும்.

நமது கரையோரங்களில் கரைவலை இழுப்பதற்குப் பல கைகள் வேண்டும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, பருவம் தொடங்குமுன்பே ஆட்களைத் தேடி முன்பணம் கொடுத்து வைப்பார். மீன் விற்ற பணத்தில் அவரவர் பங்கு பிரிக்கப்படும்போது அம்முன்பணம் கழிக்கப்படும். மீன் படாத காலத்தில் கடன் நிற்கும். கடன் நின்றால் ஆளும் நிற்பான். வேலைக்கு ஆளைத் தேடுவதும், அவனை முன்பணத்தால் கட்டி வைப்பதும் கடற்கரைக்கு மட்டும் உரிய வழக்கங்கள் அல்ல. இவ்வழக்கம் ஒரு பெரும் ஏற்பாடாகவே வளர்ந்தது இந்நாட்டின் மத்திய மலைப் பகுதியிலேதான். அங்கே ஆள் சேர்த்தவருக்குக் கங்காணி என்று பெயர்.

கண்காணி என்னும் சொல் பழமையானது. கோயிற் காரியங்களை மேற்பார்த்தவர்களைச் சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் இச்சொல்லால் குறிக்கின்றன. அதே சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்காணியாகத் திரிந்து, காப்பித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. 1830ஆம் ஆண்டுகளில் மலைக்காடுகள் அழிக்கப்பட்டுக் காப்பி பயிராகியது. கண்டிப் பகுதிச் சிங்களக் குடியானவர்கள் தம் வயலை விட்டுத் தோட்டத்தில் தங்கி வேலை செய்ய விரும்பவில்லை. தோட்டத் துரைமார் தென்னிந்தியாவை நோக்கினர். ஆனால் துரைக்குத் தமிழ் தெரியாது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகிய இடங்களிலுள்ள கிராமங்களும் அவருக்குத் தெரியா. இந்த இடைவெளியை நிரப்பியவரே கங்காணியார்.

அவருடைய தொழில் எப்படி நடந்தது என்று பார்ப்போம். இத்தனை பேர் வேண்டும் என்று துரை சொல்லி, முன்பணமும் கொடுப்பார். கங்காணி அதனை எடுத்துக்கொண்டு தம் சொந்த ஊருக்கே செல்வார். அங்கே உறவினரும், ஒரே சாதியாரும், அயலூராருமாக ஆட்களைத் திரட்டுவார். மழை பொய்த்து, உள்ளூர்க் கடனும் கழுத்தை நெரித்த ஆண்டுகளில் அவருடைய வேலை எளிதாக முடிந்தது. புறப்படுகிறவனின் பழைய கடனைத் தீர்ப்பார். வீட்டாருக்குச் செலவுக்குக் கொடுப்பார். வழிச் சோறும் படகுக் கூலியும் அவரே தருவார். தந்ததெல்லாம் அவனவன் பெயரில் பற்றாக எழுதப்படும். ஆகவே, தோட்டத்தில் ஒரு நாளேனும் வேலை செய்யுமுன்பே தொழிலாளி கடனாளியாகிவிடுவான்.

பயணமும் எளிதன்று. மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே மாத்தளை வரையிலும் கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதியாலும் பசியாலும் அவ்வழியில் மாண்டவர் மிகப் பலர். தலைமன்னாருக்கு இரயிலும், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் 1914இல் ஓடத் தொடங்கிய பின்னரே அத்துன்பம் பெரிதும் குறைந்தது. பிற்காலத்தில் மண்டபம் முகாமிலே தங்கி, மருத்துவச் சோதனை முடித்து வருதலும் ஏற்பட்டது.

தோட்டத்தில் கங்காணியின் நாள் விடியற்காலையிலேயே தொடங்கும். தப்படித்துத் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக் களத்தில் நிறுத்துவார்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்கெடுத்து, மலை மலையாக வேலைக்கு அனுப்புவார்கள். பெரிய கங்காணியின் கீழே சில்லறைக் கங்காணிமார் இருந்தனர். அன்றாடம் வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் இவ்வளவு என்ற கணக்கிலே கங்காணிமாருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆதலால், ஆட்களைக் கொண்டுவருவதோடு அவர் வேலை முடிந்துவிடவில்லை. காய்ச்சல் என்று படுத்தவனை எழுப்புவதிலும், கோபித்துக்கொண்டவனைச் சமாதானம் செய்வதிலும் அவருக்கு இலாபம் இருந்தது. கல்யாணத்தை முடித்து வைப்பவரும், வழக்கைத் தீர்ப்பவரும், துரையிடம் சென்று பேசுபவரும் அவரே. அவரை வெறும் கொடியவராக மட்டும் சித்திரிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. அறியாத நாட்டிலே அறிந்த முகம் அவர் ஒருவரே என்பதும் உண்மை. அந்த முகத்தை நம்பியே மக்கள் கடல் கடந்தார்கள் என்பதும் உண்மை. ஆயினும் அந்நம்பிக்கைக்கு அவர் வைத்த விலை கடன் புத்தகத்தில் ஏறிக்கொண்டே இருந்தது.

அக்கடனிலிருந்து பிறந்ததே துண்டு முறை. ஒரு கங்காணியும் அவருடைய ஆட்களும் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், துரை ஒரு துண்டுக் கடிதம் எழுதிக் கொடுப்பார். இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிப்பேன் என்பதே அதன் சாரம். உதாரணமாக, ஐம்பது பேருக்கு ஆயிரம் ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். புதிய தோட்டத்துத் துரை அந்த ஆயிரத்தைக் கட்டுவார்; அதற்கு மேலும் ஒரு தொகையைக் கங்காணியின் கையில் முன்பணமாக வைப்பார். இரண்டும் சேர்ந்து அந்த ஐம்பது பேரின் தலையிலே கடனாக ஏறும். இடம் மாற மாறக் கடன் வளர்ந்தது. ஆட்களுக்காகத் தோட்டங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டபோது, அப்போட்டியின் செலவைச் சுமந்தவன் அப்போட்டியில் ஒரு சொல்லும் சொல்ல இடமில்லாத தொழிலாளியே. கடனை விட்டு ஓடிப்போகவும் வழியில்லை. வேலையைக் கைவிட்டுச் சென்றவனைச் சிறையிலிட 1865ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது.

இம்முறை துரைமாரையும் தாக்கியது. கொடுத்த முன்பணம் திரும்பாமலே நின்றது. தோட்ட முதலாளிகள் 1904இல் திருச்சிராப்பள்ளியில் தமக்கென ஒரு தொழிலாளர் அலுவலகம் திறந்தனர். 1908இல் ஓர் ஆணைக்குழு இங்கே விசாரணை நடத்தியது. இறுதியில் 1921ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1922இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதன்பின் ஆள் சேர்க்கும் செலவுக்கென வேலை கொள்வோர் பொது நிதி ஒன்றுக்குப் பணம் கட்டினர். அச்செலவைத் தொழிலாளியிடமிருந்து அறவிடலாகாது என்ற விதியும் ஏற்பட்டது. அனுமதிப் பத்திரம் பெற்ற கங்காணியே கிராமத்துக்குச் செல்லலாம். தொழிலாளரின் நலனைக் கவனிக்க 1923 முதல் கண்டியில் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் இருந்தார். 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது. 1931இல் நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது, துரையிடம் பேசக் கங்காணியைத் தவிர வேறொரு வாயும் உண்டு என்பதைத் தொழிலாளர் கண்டனர். 1939 ஆகஸ்டு முதல் நாள் தொடக்கம் தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. கடல் கடந்து ஆள் சேர்க்கும் கங்காணியின் தொழில் அத்துடன் முடிவுற்றது.

அவர் சேர்த்துக் கொணர்ந்த மக்களின் வரலாறு அதனுடன் முடியவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலைநாட்டை விட்டு வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலை மாவட்டங்களில் வந்து குடியேறியவர்களும் பலர். கங்காணியின் பின்னே நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவ்வாறு கிழக்குக் கரையையும் அடைந்தனர்.

அக்கரையிலிருந்து இன்று வேறொரு பயணம் நடைபெறுகிறது. வளைகுடா நாடுகளில் வீட்டுப் பணிக்கும் கட்டட வேலைக்கும் நம்மவர் செல்கின்றனர். துரையின் இடத்தில் அந்நாட்டு முதலாளியும், கங்காணியின் இடத்தில் முகவரும், அவருக்காகக் கிராமம் கிராமமாகச் செல்லும் உப முகவரும் நிற்கின்றனர். இத்தொழிலை ஒழுங்குபடுத்த 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. தனியார் முகவர் நிலையங்கள் தொழிலாளியிடம் கட்டணம் பெறலாகாது என்பதைப் பொது விதியாகச் சர்வதேசத் தொழில் தாபனம் 1997ஆம் ஆண்டுச் சமவாயத்திலே எழுதி வைத்தது. 1922க்குப் பின் தோட்டத்தில் ஏற்பட்ட விதியும் இதுவேயல்லவா?

வேலை கொள்வோருக்கு ஆள் தேடிக் கொடுப்பது தேவையான தொழில். அதற்குக் கூலியும் உண்டு. அக்கூலியை ஆள் வேண்டுமென்று கேட்டவர் கொடுக்க வேண்டும். அது வேலைக்குப் போகிறவன் கணக்கில் ஏறிய நாளெல்லாம் அவன் உழைப்பு அவனுக்குச் சொந்தமாயிருக்கவில்லை என்பதையே தோட்டத்துக் கடன் புத்தகங்கள் காட்டுகின்றன. ஆகவே, கையில் முன்பணத்துடன் ஒருவர் வாசலுக்கு வரும்போது, சம்பளம் எவ்வளவு என்று கேட்குமுன், இந்தச் சல்லி யார் கணக்கில் எழுதப்படும் என்று கேட்டுத் தெளிதல் நன்று.